காரமும் வெல்லமும் கூடிய கைம்மாறு

தீபாவளி நெருங்கும் நாட்களில் கடைகளில் அடுக்கிவைத்த வண்ணப் பெட்டிகளை வாங்கி, உறைகூடப் பிரிக்காமல் ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டிற்குக் கைமாற்றிவிடுகிற வழக்கம் நம் நகரங்களில் வேரூன்றிவிட்டதைக் காணும்போது, அன்பைத் தெரிவிக்க ஏற்பட்ட ஒரு சம்பிரதாயம் கணக்குத் தீர்க்கும் காரியமாகக் குறுகிவிட்டதே என்ற விசனம் எனக்கு உண்டாகிறது. வெல்லப்பாகில் மிளகாயும் மிளகும் சேர்த்துப் புரட்டிய முந்திரியையும் நிலக்கடலையையும் வீட்டிலேயே செய்து, ஒரு சிறு டப்பாவில் அடைத்துக் கொடுப்பதே அதைவிட மேலானது என்பது என் அபிப்பிராயம்.

பால் சேர்ந்த பட்சணங்கள் சில நாட்களில் கெட்டுவிடும். இதுவோ ஈரம் படாமல் காத்தால் இரண்டு வாரம் இருக்கும். ஜிலேபியும் மைசூர்பாகும் தின்று திகட்டிய நாவுக்கு, இனிப்போடு இனிப்பாகச் சுருக்கென்று ஏறும் காரம் எவ்வளவு ஆறுதல்!

செய்முறையில் சிரமம் அதிகமில்லை, கவனம்தான் வேண்டும். கால் கிலோ பருப்பைச் சிறு தீயில் வறுத்து, சூடு ஆறவிடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த பருப்பைக் கொட்டினால் பாகு உடனே இறுகிப் போய்ப் பருப்பைச் சீராகச் சுற்றாது. 125 கிராம் வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மீண்டும் அடுப்பிலேற்றிக் காய்ச்சுகையில், குளிர்ந்த நீரில் விட்ட ஒரு துளி உருண்டு திரண்டு, தட்டில் போட்டால் 'டங்'கென்று ஒலிக்கும் பதம் வந்தவுடன் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அதற்கு முந்திய பதத்தில் இறக்கினால் பல்லில் ஒட்டும். சற்றுத் தாமதித்தாலோ கசந்துவிடும். மிளகாய்த்தூள், மிளகுத்தூள், சிட்டிகை சுக்கு, உப்பு ஆகியவற்றை முன்கூட்டியே கலந்து வைத்திருந்து, தீ அணைந்த பிறகே தூவுவது விவேகம். ஏனெனில் மிளகாய் கருகினால் அத்தனை உழைப்பும் வியர்த்தமாகும். பருப்பைச் சேர்த்துப் புரட்டி, நெய் தடவிய தட்டில் பரப்பி, வெதுவெதுப்பு மாறுவதற்குள் பிரித்துவிட வேண்டும். ஐப்பசி மழையின் ஈரக்காற்றை வெல்லம் ஆவலோடு உறிஞ்சிக் கசியுமாதலால், நன்றாக ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் அடைப்பதில் தாமதம் கூடாது.

மிளகும் இஞ்சியும் நம் மண்ணின் பழஞ்செல்வங்கள். முந்திரியும் நிலக்கடலையும் மிளகாயுமோ அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கடல் கடந்து வந்து நம்முடையவையாகிவிட்டவை. கரிசல் பூமிக் கடலைக்குக் கிடைத்த கௌரவத்தைக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-ஆம் ஆண்டு பெற்ற புவிசார் குறியீடே சொல்லும். ஆயினும் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளிக்கும். அந்த எண்ணெயோடு போராடி ஓடுடைக்கும் பெண்களின் விரல்களைக் கடந்துதான் பருப்பு நம் வாணலிக்கு வருகிறது. ஆகவே முந்திரி வாங்கும்போது மட்டமான விலைக்குப் பேரம் பேசுவது எனக்கு உசிதமாகப் படவில்லை. முழுப் பருப்புதான் வேண்டுமென்ற பிடிவாதமும் அவசியமில்லை. பாதியாக உடைந்த பருப்பு மலிவு, பாகு அதிலும் நன்றாகவே பற்றும்.

டப்பாவின்மேல் ஒரு சீட்டு ஒட்டி, உள்ளே நிலக்கடலையும் முந்திரியும் இருப்பதையும் செய்த தேதியையும் எழுதிவிடுங்கள். இவற்றை உண்டால் மூச்சுத் திணறும் அளவுக்கு ஒவ்வாமை உடைய குழந்தைகள் சில வீடுகளில் உண்டு. பெறுகிறவர் வீட்டில் யார் யார் உண்பார்கள் என்பது கொடுக்கிறவருக்கு எப்போதும் தெரிந்திருக்கும் என்று சொல்ல இயலாது.