தலைவலிக்கு ஒரு தேதி

வவுச்சரில் தேதி இல்லாவிட்டால் பாஸ் பண்ண மாட்டேன். இருபது வருட வங்கிப் பழக்கம். ஆனால் வீட்டில் மனைவி சொன்ன தேதியை மட்டும் நம்பவில்லை. அந்த வெட்கக்கேடுதான் இந்தப் பதிவு.

"என்னங்க, 2022 நவம்பர் 9, புதன்கிழமை. மத்தியானம் குழம்பு தாளிச்சிட்டு இருந்தேன். அப்ப பிடிச்ச தலைவலி, இன்னும் விடலை" என்பாள். அதற்கு முந்தின வாரம்தான் காய்ச்சலில் படுத்து எழுந்திருந்தாள். "சிப்பிகாட் புழுக்கத்துல யாருக்குத்தான் தலை வலிக்கல?" என்றேன் நான். ஊரிலிருந்து அம்மா, "கண்ணு பட்டிருக்கும், உப்பு மிளகாய் சுத்திப் போடுடா" என்றார். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்ததும், "எல்லாம் உன் மனசுதான்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து, கடல் தாண்டி சென்னை போனோம். நரம்பியல் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "எப்போ ஆரம்பிச்சது?" இவள் தேதியைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இதன் பெயர் 'நியூ டெய்லி பெர்சிஸ்டென்ட் ஹெட்ஏக்'. 1986-ல் வால்டர் வானாஸ்ட் என்ற மருத்துவர் முதலில் விவரித்தது. ஒருநாள் தொடங்கி, 24 மணி நேரத்துக்குள் நிரந்தரமாகி, 3 மாதம் தாண்டியும் விடாத வலி. தொடங்கிய நாள் தெளிவாக நினைவிருப்பதுதான் இதன் அடையாளமே! சிலருக்கு வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வருகிறது. தண்டுவட நீர்க் கசிவு, மூளைச் சிரையில் ரத்தக்கட்டு போன்றவையும் இப்படித் தொடங்கலாம் என்பதால், அவை இல்லை என்று உறுதி செய்த பிறகே இந்தப் பெயர். சிலருக்கு மாதக்கணக்கில் தானாக ஓய்கிறது; சிலருக்கு எந்த மருந்துக்கும் மசிவதில்லை.

இன்னொன்றும் சொன்னார். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதத்துக்கும் மேல் விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்குமாம். நம் வீட்டு அலமாரிகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

என் கருத்து இதுதான். ஸ்கேன் சுத்தம் என்றால் வலி பொய் என்று அர்த்தமில்லை. ஊரை விட்டு வந்த நமக்கு அக்கம்பக்கத்தில் அத்தையோ சித்தியோ இல்லை. வீட்டில் இருப்பவரும் நம்பாவிட்டால் அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? திடீரென்று தொடங்கி விடாத தலைவலி என்றால் உடனே டாக்டரிடம் போங்கள். தேதியையும், போட்ட மாத்திரையையும் ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள்.

அவளுக்கு வலி குறைந்திருக்கிறது, போகவில்லை. நோட்டு இப்போது என் பொறுப்பில். ஒரு நாள்கூட பதிவு விடுபடவில்லை.