உள்ளூர் அட்டவணை யாருக்குச் சொந்தம்?

வானிலை நோக்ககங்களில் பணியாற்றும் அன்பர்கள் ஐந்து இலக்கத் தொகுதிகளாலான சினாப் குறியீட்டை நன்கு அறிவர். அதில் 555 என்பதற்குப் பின் வருபவை அந்தந்த நாட்டின் சொந்தத் தேவைக்குரியவை. அவற்றின் பொருள் தெரியாத அயல்நாட்டார் அப்பகுதியை விட்டுவிடுவர். முன்னுள்ளவற்றைப் படிப்பதில் அவர்களுக்கு இடையூறில்லை.

அக்குறியீட்டின் இடத்தைப் பெற்றுவரும் பஃபர் என்னும் இருமக் குறியீட்டில் நிலைமை வேறு. இதிலும் 48 முதல் 63 வரையிலான வகுப்புகளும், ஏனைய வகுப்புகளில் 192 முதல் 255 வரையிலான எண்களும் உள்ளூர் உபயோகத்துக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. ஆனால் ஓர் அளவு எத்தனை பிட் இடம் கொள்ளும் என்பது செய்தியில் இராது, அட்டவணையில்தான் இருக்கும். அட்டவணையில்லாத ஓர் உள்ளூர் எண் குறுக்கிட்டால், அடுத்த அளவு எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது போகும். அதற்குப் பின்னுள்ள வெப்பமும் மழையும் காற்றும் சேர்ந்தே தொலையும்.

புனேயில் விஷ்ராந்த்வாடிப் பள்ளி ஆசிரியர் ஒருவர், அருகிலுள்ள லோஹேகாவ் விமான நிலையத்தின் பதிவுகளை மாணவருக்குக் காட்ட விரும்புகிறார் என்று கொள்வோம். ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்னறிவிப்பு மையம் அளிக்கும் ஈசிகோட்ஸ் என்னும் கருவி விலையின்றிக் கிடைக்கிறது. அது செய்தியின் முகப்பிலுள்ள மைய எண்ணைக் கண்டு (புது டில்லிக்கு 28) உரிய உள்ளூர் அட்டவணையைத் தேடும். அட்டவணை ஏதோ ஓர் அதிகாரியின் மேசைக் கணிப்பொறியில் மட்டும் இருக்குமாயின், அவ்வாசிரியர் என்ன செய்வார்? அந்த அதிகாரி மாற்றலாகிப் போனபின் அலுவலகமே என்ன செய்யும்?

கருவியின் மூலநிரலைத் தொடாது வெளியிலிருந்து சேர்க்கப்படும் துணையைச் செருகுநிரல் என்கின்றனர். ஈசிகோட்ஸைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சில அட்டவணைக் கோப்புகளே. அவற்றைத் தனிக் கோப்புறையில் இட்டு, அதன் முகவரியைச் சூழல் மாறி ஒன்றின் வாயிலாக, கருவியின் சொந்தக் கோப்புறைக்கு முன்னதாகத் தெரிவித்தால் போதும். கருவியுடன் வந்த அட்டவணைகளையே திருத்திவிடும் வழக்கம் எளிதாகத் தோன்றினும் ஏற்கத்தக்கதன்று. அடுத்த பதிப்பு வந்ததும் திருத்தம் அழிந்துவிடும். அழிந்தது எவருக்கும் தெரியாது.

உள்ளூர் விவரம் உள்ளூருக்குத்தானே, பிறருக்கு ஏன் என்று கேட்பாருண்டு. பிட் கணக்கைப் பார்த்தபின் அக்கேள்வி நிற்காது. 206 என்று தொடங்கும் கட்டளைக் குறியை முன்னிட்டால் அறியாதவரும் உள்ளூர் அளவைத் தாண்டிச் செல்லலாம் என்பது உண்மை. அதனையேனும் தவறாது இடுதல் வேண்டும். எனினும் தாண்டுவது வேறு, படிப்பது வேறு.

ஆகவே புனேயிலுள்ள தேசியத் தரவு மையம் போன்ற காப்பகத்துக்குப் பதிவுகள் செல்லும்போது அவற்றுக்குரிய அட்டவணையும் உடன் செல்ல வேண்டும் என்பது என் கருத்து. அளவின் பெயர், அலகு, பதின்மப் பெருக்கம், அடிப்படை மதிப்பு, பிட் அகலம், இவற்றோடு அட்டவணையின் பதிப்பு எண். பெரும்பாலான நிலையங்களுக்கு இது ஒரு தாளில் அடங்கும்.