எத்தனை தட்டு தாங்கும்?

"மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது."

பத்திரிகை படிக்கிறவர்களுக்கு இது பழகிப்போன வரி. ஊர்ப் பெயர் மாறும். ஒரு நாள் சாத்தூர் என்று இருக்கும். இன்னொரு நாள் வெம்பக்கோட்டை என்று இருக்கும். மாண்டவர்களின் எண்ணிக்கை மாறும். இந்த வரி மட்டும் மாறாது.

2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி. சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டி. அங்கே ஒரு பட்டாசு ஆலையில் தீப்பிடித்தது. அறை அறையாக வெடித்தது. சுமார் 40 பேர் மாண்டார்கள். உதவி செய்ய ஓடிவந்தவர்களும் அதில் உண்டு.

அதற்குப் பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் "உராய்வு" என்று ஒரு சொல்லைச் சொல்லி விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். இடி விழுந்தது, புயல் அடித்தது என்பதைப் போல!

உராய்வு என்றால் எவ்வளவு உராய்வு? தட்டு என்றால் எத்தனை பலமான தட்டு? இதை யாராவது கேட்கிறார்களா?

கேட்டால் பதில் உண்டு. உராய்வை அளக்கலாம். அடியையும் அளக்கலாம். இன்ன மருந்து இவ்வளவு அடிதான் தாங்கும் என்று கணக்காகச் சொல்ல ஆராய்ச்சிச் சாலைகளில் கருவி இருக்கிறது.

விழும் சுத்தியல்

அந்தக் கருவியைப் பார்த்தால், "இவ்வளவுதானா!" என்று தோன்றும். நேராக நிற்கும் இரண்டு இரும்புத் தண்டுகள். அவற்றின் நடுவே மேலும் கீழும் வழுக்கிச் செல்லும் ஒரு சுத்தியல். அடியில் ஒரு பட்டடைக் கல்.

ஜெர்மனியின் பொருள் சோதனை நிலையத்தார் உருவாக்கிய முறை உலகம் முழுவதும் வழக்கத்தில் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் சோதனைக் கையேட்டிலும் அது இடம் பெற்றிருக்கிறது.

சோதிக்க வேண்டிய மருந்தில் 40 கன மில்லிமீட்டர் எடுப்பார்கள். ஏறக்குறைய ஓர் உளுந்து அளவு. அதை இரண்டு எஃகு உருளைகளுக்கு நடுவே வைப்பார்கள். உருளையின் அகலம் ஒரு சென்டிமீட்டர். பிறகு, குறித்த உயரத்திலிருந்து சுத்தியலை விழ விடுவார்கள். சத்தமோ, சுடரோ வந்தால் மருந்து வெடித்தது என்று எழுதிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் வெடிக்கவில்லை என்று எழுதுவார்கள். ஒவ்வொரு தடவையும் புது மருந்து. ஒரே உயரத்தில் ஆறு தடவை. ஆறில் ஒன்று வெடித்தாலும் அந்த உயரம் ஆபத்தானது. சுத்தியலைக் கீழே இறக்கி மறுபடியும் ஆறு தடவை பார்க்க வேண்டும்.

அடியின் பலத்தை "ஜூல்" என்ற அளவில் சொல்வார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மளிகைக்கடையில் 100 கிராம் எடைக்கல் இருக்கிறது. அதை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இடுப்பு உயரத்திலிருந்து, கீழே விட்டால் தரையில் விழும் அடி ஏறக்குறைய ஒரு ஜூல். 200 கிராம் கல் என்றால் இரண்டு ஜூல்.

இரண்டு ஜூல் அடியிலேயே வெடிக்கும் பொருளை அந்த நிலையில் வண்டியில் ஏற்றக்கூடாது என்று ஐ.நா. கையேடு கூறுகிறது. ஒரு சின்ன எடைக்கல் கை தவறி விழுகிற அடிதான் அந்த எல்லைக்கோடு! (அந்த அடி முழுவதும் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் விழுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.)

நைட்ரோ கிளிசரின் என்ற எண்ணெய் ஒரு ஜூலிலேயே வெடித்துவிடும். 1847-ம் ஆண்டு இத்தாலியில் சோப்ரரோ என்ற ரசாயன அறிஞர் அதைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தவரே அதைக் கண்டு அஞ்சினார். சுவீடன் நாட்டு ஆல்பிரட் நோபல் அதை வைத்துத் தொழில் தொடங்கினார். 1864-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி ஸ்டாக்ஹோம் நகரில் அவருடைய பட்டறை வெடித்தது. இறந்தவர்களில் ஒருவர் அவருடைய சொந்தத் தம்பி எமில். மூன்று ஆண்டுகள் கழித்து, அதே எண்ணெயை ஒருவகை நுண்ணிய மண்ணில் ஊற வைத்து நோபல் "டைனமைட்" செய்தார். ஊற வைத்த பிறகு முன்னைவிடப் பெரிய அடியைத் தாங்கியது. பொருள் அதேதான். வைத்திருக்கும் விதம் மாறியது, தாங்கும் சக்தியும் மாறிவிட்டது.

பட்டாசுத் தொழிலில் இருப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்து ஒன்றாகிவிடாது. பொடியை இன்னும் நைசாக அரைத்தால் அது வேறு மருந்து. ஈரம் காய்ந்தால் அது வேறு மருந்து.

உராய்வைச் சோதிக்கத் தனிக் கருவி உண்டு. ஒரு பீங்கான் தட்டின்மேல் துளி மருந்து. அதன்மேல் பீங்கான் முளை ஒன்றை அழுத்தி, ஒரு சென்டிமீட்டர் தூரம் முன்னும் பின்னும் இழுப்பார்கள். ஆறு தடவை. முளையின் மேல் ஏற்றும் பாரம்தான் அளவு. சுமார் 8 கிலோ பாரத்துக்கும் குறைவாகவே வெடித்தால், அந்தப் பொருளும் வண்டி ஏறக்கூடாது.

மணல் செய்யும் வேலை

லேசாக ஒரு தட்டு தட்டினால் ஏன் வெடிக்கிறது? அந்த அடியின் சூட்டை மருந்து முழுவதும் பரப்பினால் கை பொறுக்கும் சூடுகூட வராதே!

இந்தக் கேள்விக்கு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பவுடன், யோபி என்ற இரண்டு விஞ்ஞானிகள் விடை தேடினார்கள். 1952-ம் ஆண்டு அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார்கள். சூடு மருந்து முழுவதும் பரவுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியில் குவிகிறது. மருந்துக்குள் சிக்கிய காற்றுக் குமிழி நசுங்கும்போது அந்தப் புள்ளி கொதிக்கிறது. இரண்டு துகள்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்திலும் கொதிக்கிறது. அந்த ஒரு புள்ளி பற்றினால் போதும். பக்கத்தில் இருப்பது பற்றும். பிறகு எல்லாம் பற்றும்.

மருந்தில் வேறு துகள்களைக் கலந்தும் அவர்கள் பார்த்தார்கள். சீக்கிரம் உருகும் துகளால் அவ்வளவு கெடுதல் இல்லை. சூடு ஏறும்போது அது உருகிவிடும். அதற்கு மேல் சூடு ஏறாது. எளிதில் உருகாத துகள்தான் எமன். மணல் அந்த வகை. கண்ணாடித் தூளும் அந்த வகை.

இப்போது ஒரு பட்டாசு ஆலையின் மருந்து அறையை நினைத்துப் பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்கிறார்கள். தரையைப் பெருக்கிக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள். ரப்பர் விரிப்புப் போடுகிறார்கள். இரும்புக் கரண்டி கூடாது என்கிறார்கள். பலரும் இவற்றை இன்ஸ்பெக்டர் வருகிற நாளுக்கான சடங்காகவே நினைக்கிறார்கள். காலில் ஒட்டி வருகிற நாலு மணல், மருந்தின் தாங்கும் சக்தியைக் குறைத்துவிடும். அது சோதனையில் கண்ட உண்மை.

ஏறு படி, இறங்கு படி

"இருபது வருஷமாக இப்படித்தான் இடிக்கிறேன். ஒன்றும் ஆகவில்லையே!"

தொழிலில் கைதேர்ந்தவர்கள் இப்படிச் சொல்வது உண்டு. அவர்கள் சொல்வது பொய் அல்ல. ஆனால் அதை நம்பி அறைக்குள் உட்காரக்கூடாது. ஏன் என்பதற்கு இன்னொரு சோதனை பதில் சொல்கிறது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் புரூஸ்டன் என்ற ஊர். இரண்டாம் உலகப்போர் காலத்தில் அங்கே ஒரு வெடிபொருள் ஆராய்ச்சிச் சாலை இருந்தது. அங்கே பழக்கத்துக்கு வந்த முறைக்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. அதன் கணக்கை டிக்சன், மூட் என்ற இருவர் 1948-ம் ஆண்டு வெளியிட்டார்கள்.

முறை மிகவும் எளிது. சுத்தியலை ஓர் உயரத்திலிருந்து விடு. வெடித்தால் அடுத்த தடவை ஒரு படி கீழே இறக்கு. வெடிக்காவிட்டால் ஒரு படி மேலே ஏற்று. இப்படியே ஏறியும் இறங்கியும் போனால், பாதி வெடிக்கும், பாதி வெடிக்காது என்கிற உயரம் பிடிபட்டுவிடும்.

அப்படி ஓர் உயரம் இருப்பதே பெரிய பாடம். ஒரே மருந்து. ஒரே சுத்தியல். ஒரே உயரம். ஒரு தடவை வெடிக்கிறது, மறு தடவை வெடிப்பதில்லை! இந்தக் கோட்டுக்கு மேலே வெடிக்கும், கீழே வெடிக்காது என்று கத்தியால் வெட்டியதுபோல எல்லை கிடையாது. உயரம் குறையக் குறைய வெடிப்பது அபூர்வமாகும். பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று குறைந்துகொண்டே போகும்.

ஒரு பேச்சுக்கு, லட்சத்தில் ஒரு தட்டு வெடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பெண் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை தட்டுகிறாள். லட்சம் தட்டு சேர நூறு நாள் ஆகும். பத்துப் பேர் தட்டினால் பத்தே நாள். இருபது வருஷம் ஒன்றும் ஆகாதவரும் இருப்பார். வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாம் நாளே உயிர் விட்டவளும் இருப்பாள். இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் தட்டியிருப்பார்கள்.

எந்த ஆராய்ச்சிச் சாலையும் லட்சம் தடவை சுத்தியலைப் போட்டுப் பார்க்காது. அதனால்தான் சட்டம் தாராளமாக இடைவெளி விட்டு விதி போடுகிறது. ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக்கூடாது, இவ்வளவு மருந்துக்கு மேல் வைக்கக்கூடாது, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு தூரம் வேண்டும் என்பதெல்லாம் அந்த லட்சத்தில் ஒன்றுக்காகத்தான். அது நடந்தே தீரும் நாளில் சாவு அந்த ஓர் அறையோடு நிற்க வேண்டும்.

சிவகாசியில் என்ன நடக்கிறது?

சோதனை செய்து தெரிந்துகொண்டதை நம் நாட்டில் யாரும் பயன்படுத்தவில்லை என்று சொல்ல முடியாது. குளோரேட் உப்பும் கந்தகமும் சேர்ந்தால் அடிக்கும் உராய்வுக்கும் மிக எளிதில் பற்றும். இங்கிலாந்தில் பட்டாசில் அந்தக் கலவையை 1894-ம் ஆண்டே தடுத்தார்கள். இந்திய அரசாங்கமும் 1992-ம் ஆண்டு ஜனவரியில் அறிவிப்பு வெளியிட்டுத் தடை செய்தது. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் பட்டாசு மருந்துகளைச் சோதித்துக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். (தோலுக்கும் பட்டாசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். ரசாயனப் பாதுகாப்புக்கு அங்கே ஒரு தனிப் பிரிவு!) மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்புத் துறை சிவகாசியிலேயே பட்டாசு ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிறது.

ஆகவே, கருவி இருக்கிறது. படித்தவர்கள் இருக்கிறார்கள். எண் அறைக்குள் வருவதில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

கூலி எண்ணிக்கைக் கணக்கில் கொடுக்கப்படுகிறது. தீபாவளி நெருங்குகிறது. கை வேகமாக ஓடுகிறது. சில இடங்களில் அறைகளை உள்குத்தகைக்கு விடுகிறார்கள். குத்தகை எடுத்தவர் எந்தப் பொடியை வாங்கினார், எவ்வளவு நைசான பொடி வாங்கினார் என்பது உரிமம் வைத்திருப்பவருக்கே தெரிவதில்லை. சோதனைச் சாலையில் சோதித்த மருந்து ஒன்று, கொட்டகையில் கலக்கும் மருந்து வேறொன்று. பிறகு அந்தச் சோதனையால் யாருக்கு என்ன லாபம்?

ஒவ்வொரு மருந்து அறையின் சுவரிலும் ஒரு பலகை வேண்டும். இன்று கலக்கும் மருந்து எது, அது எவ்வளவு அடி தாங்கும், எவ்வளவு உராய்வு தாங்கும் என்று தமிழில், பெரிய எழுத்தில் எழுத வேண்டும். ஜூல் என்று எழுதினால் புரியாது என்றால், "100 கிராம் கல் இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தால் வெடிக்கும்" என்று எழுதட்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பெண்ணும் அதைப் படித்துவிடுவாள். பொடி வாங்கும் இடம் மாறினால் மறுபடியும் சோதனை நடக்க வேண்டும். பலகையில் எண்ணும் மாற வேண்டும்.

விபத்து நடந்தபின் விசாரணைக்குப் போகும் அதிகாரிகளும் "உராய்வு" என்று எழுதிவிட்டுத் திரும்பக்கூடாது. எந்த மருந்து? கடைசியாக அதை எந்தத் தேதியில் சோதித்தார்கள்? தாங்கும் அளவு எவ்வளவு என்று வந்தது? அறையில் எத்தனை பேர் இருந்தார்கள்? தரையில் மணல் இருந்ததா? இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதாத அறிக்கையை மேலதிகாரி கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்ப வேண்டும்.