துருவுக்கு மேல் ஒரு பூச்சு

ஜப்பானிலிருந்து பழைய சுபாரு இம்ப்ரெஸாவை பிரிட்டனுக்கு இறக்கிப் புதுப்பிக்கிறார்களே, அந்தப் பேர்வழிகளில் பாதிப்பேர்மேல் எனக்கு ஆத்திரம் உண்டு. 1995-ல் காலின் மெக்ரே இந்த ஜாதி வண்டியில் உலக ராலிப் பட்டம் வென்றார். அந்த மயக்கம் இன்னும் தெளியவில்லை. வண்டி வந்ததும் பெரிய டர்போ, பளபளக்கும் நீலப் பெயிண்ட்! அடியில் குனிந்து பார்ப்பாரில்லை. அங்கே குளிர்காலத்தில் ரஸ்தா உறையாமலிருக்க உப்புத் தூவுகிறார்கள். அது பின்சக்கர வளைவுக்குள் சேற்றோடு அடைந்து தகட்டைத் தின்கிறது. தின்ற இடத்தை வெட்டியெறிந்து புதுத் தகடு பற்றவைக்க வேண்டாமா? பட்டி பூசி மறைக்கிறார்கள். நான்கு கதவு வண்டி ஐயா, பின்னால் குழந்தைகள் உட்காருவார்கள்! கேட்டால், "வெல்டிங்குக்குப் பணமில்லை" என்று பதில் வருகிறது. டர்போவுக்கு மட்டும் எங்கிருந்து வந்ததாம்?