நோயேட்டில் தமிழுக்கு இடம் எங்கே?

நோயாளி தன் வாயாற் கூறும் சொல்லே மருத்துவத்தின் முதற் கருவி. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவார் என மருத்துவத்தை நான்காகப் பகுத்த திருவள்ளுவப் பேராசானும் நோயாளியையே முன்வைத்தார். அந் நோயாளியின் சொல், இன்று அவனறியா மொழியில் பெயர்க்கப்பட்டு, அவன் படிக்கவியலா ஏட்டிற் பதிவாகி, அவன் காணா இடங்களுக்கெல்லாம் செல்லப்போகின்றது. தமிழன்பர்கள் இதனைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

2020 ஆகத்து 15-இல் அறிவிக்கப்பெற்றுப் புதுச்சேரி உள்ளிட்ட ஆறு ஒன்றியப் பகுதிகளில் வெள்ளோட்டம் விடப்பட்ட நலவாழ்வு மின்னேட்டுத் திட்டம், 2021 செப்டம்பர் 27 முதல் ‘ஆயுசுமான் பாரத்’ என்னும் பெயர்தாங்கி நாடெங்கும் விரிக்கப்பட்டது. (அப் பெயரிலும் தமிழில்லை என்பதைக் காண்க!) ஒருவர்க்கு 14 இலக்கங் கொண்ட ‘ஆபா’ எண் வழங்கப்படும், அவர் இசைந்தால், பல மருத்துவமனைகளிலும் ஆய்வகங்களிலும் உள்ள அவருடைய ஏடுகள் அவ்வெண்ணால் ஒன்றோடொன்று இணையும். இதனோடு இப்போது மற்றொரு கருவியும் சேர்கின்றது. மருத்துவரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுத் தானே குறிப்பு வரையும் மென்பொருள் அது. அது வரைந்த குறிப்பை மருத்துவர் ஒப்பினால், அஃது அப்படியே மின்னேட்டில் ஏறிவிடும்.

இதனால் வரும் நன்மையை யாம் மறுக்கவில்லை. மணலூர்ப்பேட்டையில் நோயுற்ற உழவர் ஒருவர், முதலில் திருக்கோவலூரிலும், பின்னர் முண்டியம்பாக்கத்து மருத்துவக் கல்லூரியிலும், இறுதியிற் புதுச்சேரிச் சிப்மரிலும் காட்ட நேரலாம். ஒவ்வோரிடத்தும் பழைய தாள்களைத் துணிப்பையில் சுமந்து திரிவதும், தாள் தொலைந்தால் மீண்டும் குருதியாய்வுக்குக் காசிறைப்பதும் அவர்தம் நிலை. ஏடுகள் இணைந்தால் அத்தொல்லை நீங்கும். மருத்துவரும் எழுதுவதை விட்டு நோயாளியின் முகத்தை நோக்குவார். ஆகலின் கருவி வேண்டாம் என்பது நம் கொள்கையன்று.

ஆனால், ‘மயக்கமாக வருகிறது’ என்று அவ்வுழவர் சொன்னால் அதற்குப் பொருள் என்ன? தலை கிறுகிறுப்பதையும் மயக்கம் என்போம். நினைவிழந்து வீழ்வதையும் மயக்கம் என்போம். உலக நலவாழ்வு அமைப்பின் நோய்ப்பகுப்புப் பட்டியலில் முன்னதற்கு ‘ஆர் 42’ என்றும், பின்னதற்கு ‘ஆர் 55’ என்றும் வெவ்வேறு குறியெண்கள் உண்டு. பின்னது நெஞ்சாங்குலையின் கோளாற்றையும் காட்டக்கூடும். மென்பொருள் ஒன்றை மற்றொன்றாக ஆங்கிலத்தில் எழுதிவிட, நெரிசலுக்கிடையே மருத்துவரும் ஒப்பிவிட்டால், அப் பிழையைக் கண்டறியவல்லார் ஒருவரே எஞ்சுவர். அவர்தாம் நோயாளி. அவர்க்கோ அம் மொழி தெரியாது! முன்பெல்லாம் பிழை ஒரு தாளோடு நின்றது. இப்போது இணைப்பினால் அஃது எல்லா மருத்துவமனைக்கும் அவர்க்கு முன்னரே சென்று காத்திருக்கும். இது மொழிப்பற்று மட்டுமன்று, உயிர்ச்சிக்கல்!

“ஆங்கிலத்தில் எழுதினாற்றான் ஏடுகள் இணையும்” என்பார் உளர். இது பொய்க்கூற்று. ஏடுகளை இணைப்பவை குறியெண்களே. குறியெண்ணுக்கு ஏது மொழி? ‘ஆர் 42’ என்பதன் எதிரில் ‘தலைக்கிறுகிறுப்பு’ என்று எழுதினால் எந்தக் கணிப்பொறியும் பழுதுபடாது. அப் பட்டியல் 40-க்கு மேற்பட்ட மொழிகளிற் பெயர்க்கப்பட்டுள்ளது. ஏடுகளைப் பரிமாறிக்கொள்ளப் பயன்படும் ‘பயர்’ என்னும் பொதுவடிவமும் எந்த மொழியெழுத்தையும் ஏற்கும். தமிழோ, ஒருங்குகுறியில் 1991-ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே இடம்பெற்ற மொழி. தடையாக நிற்பது பொறியன்று. நம்மவரின் மனமே என்க.

2023-இல் இயற்றப்பட்ட தனியாள் மின்தரவுக் காப்புச் சட்டம், ஒருவரிடம் இசைவு கேட்கும் விண்ணப்பத்தை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழியொன்றிலோ அவர் படிக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்கின்றது. எனவே தமிழில் இசைவு கேட்பது சட்டக் கடமை. ஆனால் இசைவுத்தாள் மட்டும் தமிழில் இருந்து, பகிரப்படும் குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தால், தாம் எதற்கு இசைந்தோம் என்பதை அவர் எவ்வாறு அறிவார்?

மருத்துவம் தமிழுக்குப் புதிதன்று. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களையும் பெயர்த்தார். அவர்தம் நூல்களில் வடசொற் கலப்பு மிகுதிதான். எனினும் அயலார் ஒருவர்க்கிருந்த அவ்வூக்கம் நம் அரசுக்கும் மருத்துவர்க்கும் இல்லாதொழியலாமோ?

எனவே யாம் வேண்டுவன இவை: நோயாளி சொன்ன சொல், சொன்னவாறே தமிழில் ஏட்டில் நிற்றல் வேண்டும். மருத்துவர் ஒப்புமுன் குறிப்பைத் தமிழில் நோயாளிக்குப் படித்துக்காட்டல் வேண்டும். பதிவு செய்த பேச்சொலி, குறிப்பு முடிந்ததும் அழிக்கப்படல் வேண்டும். இவற்றைச் செய்யாத மென்பொருளைத் தமிழக அரசு வாங்குதல் கூடாது. குறியெண்களுக்குரிய தமிழ்ப்பெயர்களை மருத்துவரும் தமிழறிஞரும் கூடி வகுத்தல் வேண்டும்.

அச்சொற்கள் அறையிலமர்ந்து ஆக்கப்படுவன மட்டுமாக இருத்தல் ஆகாது. கல்வராயன் மலைவாழ் மக்களும், பெண்ணையாற்றங்கரை உழவரும் தத்தம் நோவுக்கு வழங்கும் சொற்கள் எத்துணை! விண்விணென்று தெறிப்பதும், சுருக்கென்று குத்துவதும், மதமதத்துப் போவதும் வெவ்வேறு நோவுகளன்றோ? அவற்றைத் திரட்டும் பணி நம்முடையது. அன்பர்களே, உங்கள் ஊர் முதியோர் வழங்கும் நோய்ச்சொற்களைப் பொருளோடு எழுதித் தொகுப்பீர்! மருத்துவமனை செல்லுந்தோறும், “என் குறிப்பைத் தமிழில் தாருங்கள்” என்று தயங்காது கேட்பீர்! கேளாதார்க்கு எவ்வுரிமையும் வந்ததில்லை.