அடிவரிசையில் கிடக்கும் இரவுகள்

அமெரிக்கப் பின்னிரவு உரையாடல் நிகழ்ச்சிகளில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற எபிசோட்களைப் பட்டியலிடுவது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. ஐஎம்டிபி தளத்தில் பயனர்கள் 1 முதல் 10 வரை இடும் மதிப்பெண்ணே பெரும்பாலும் இதற்கு ஆதாரம். ஊடக மொழியை ஆராயும் மாணவர்கள் அந்த எண்ணைத் தரவாக எடுத்தாளுமுன், அது எதை அளக்கிறது என்று கேட்டாக வேண்டும்.

இரவுதோறும் வரும் நிகழ்ச்சியின் தனியொரு எபிசோடுக்கு விழும் வாக்குகள் சொற்பம். விருந்தினராக வந்த அரசியல்வாதியை வெறுப்போர் சிலர் கூடினாலே சராசரி சரிந்துவிடும். அங்கே மதிப்பிடப்படுவது ஆள்; உரையாடல் அன்று. (வாக்கு எண்ணிக்கை தராத சராசரியை எந்த நெறியாளரும் ஆய்வேட்டில் அனுமதிப்பதில்லை. பட்டியல்களுக்கு மட்டும் ஏன் விலக்கு?)

ஆனால் உரையாடலே முறிந்துபோன இரவுகளும் உண்டு. அவை வேறு இனம். 2009 பிப்ரவரியில் நடிகர் வாக்கீன் ஃபீனிக்ஸ், டேவிட் லெட்டர்மேன் முன் தாடியும் கறுப்புக் கண்ணாடியுமாக அமர்ந்து, சூயிங் கம் மென்றபடி, ஓரிரு சொற்களில் விடையளித்தார். வழக்கமாக விருந்தினர் ஒரு குறுங்கதை சொல்வார், இடையே சிரிப்பெழும், விடையிலிருந்து அடுத்த வினா பிறக்கும். அன்று விருந்தினரின் பங்கையும் லெட்டர்மேனே சுமந்தார். அது ஒரு போலி ஆவணப்படத்துக்கான நடிப்பு என்பது 2010இல் வெளிப்பட்டது. அதனால் தரவின் மதிப்பு குன்றிவிடவில்லை. அன்றாட எதிர்பார்ப்புகளை வேண்டுமென்றே மீறச் செய்து அவற்றை வெளிக்கொணர்ந்த கார்ஃபிங்கெலின் சோதனைகளும் நடிப்பே. விடை வழுவினும் பொருளோடு இயைந்தால் விலக்கத்தக்கதன்று என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் நிலைப்பாடு. பின்னிரவு மேடை அத்தனை தாராளமானதன்று.

இதனினும் கூர்மையான சான்று 1988இல் கிடைக்கிறது. கிளீவ்லாந்தில் படைவீரர் மருத்துவமனையொன்றில் கோப்பு எழுத்தராகப் பணியாற்றிய காமிக்ஸ் எழுத்தாளர் ஹார்வி பீக்கார், அன்று என்பிசியில் இருந்த லெட்டர்மேனின் நிகழ்ச்சியிலேயே அந்த அலைவரிசையின் உரிமையாளரான ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சாடினார். லெட்டர்மேன் பேச்சைத் திருப்ப முயன்றும் அவர் விடவில்லை. கேளிக்கை என்ற அளவில் அது தோல்வி. ஆயினும் எவர் மேடையில் எதைப் பேசலாகாது என்னும் எழுதப்படாத ஒப்பந்தம் அன்று வெட்டவெளிச்சமாயிற்று. சுமுகமாக முடிந்த நூறு இரவுகள் அதைக் காட்டா.

எதைப் பாதுகாப்பது என்ற கேள்வியும் இதில் அடங்கியுள்ளது. 1962இல் ஜானி கார்சன் ஏற்ற 'டுநைட் ஷோ'வின் முதல் பத்தாண்டு ஒளிநாடாக்களில் பெரும்பகுதி அழிக்கப்பட்டு, மீண்டும் பதிவுக்குப் பயன்பட்டது. இன்று எதையும் அழிக்க வேண்டியதில்லை. சிரிப்பு விழுந்த சில நிமிடங்களை யூடியூபில் ஏற்றிவிட்டு எஞ்சியதைப் புழக்கத்திலிருந்து விலக்கினால் போதும். அத்துண்டுகளை மட்டும் திரட்டித் தரவகம் அமைப்பவர் ஆராய்வது நிகழ்ச்சியை அன்று, அதன் விளம்பரத்தை. முழு எபிசோட்களைத் தேடிச் சேர்க்க வேண்டும். அடிவரிசையில் கிடப்பவற்றை முதலில்.