நடுவில் ஓர் இரும்பு

பூங்கா பெஞ்சைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். ஒரு நகரம் தன் ஜனங்களை என்னவாக மதிக்கிறது என்று அறிய மேடைப் பிரசங்கங்களைக் கேட்க வேண்டாம். அது போட்டிருக்கும் பெஞ்சில் போய் உட்கார்ந்தால் போதும்.

இப்போதெல்லாம் பெஞ்சின் நடுவில் ஓர் இரும்புக் கைப்பிடி வைக்கிறார்கள். கையை ஊன்றிக் கொள்வதற்காம்! எவனும் காலை நீட்டிப் படுத்துவிடக் கூடாது என்பதே அதன் உத்தேசம். சீமையிலும் இதே புத்திதான். 2012-ல் லண்டன் காம்டன் நகராட்சிக்காகச் சரிவும் மடிப்புமாக ஒரு கான்கிரீட் பெஞ்சு செய்தார்கள். அதில் உட்காரலாம், படுத்தால் உருள வேண்டியதுதான்.

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பகலில் படுக்கிறவன் யார்? காசிமேட்டில் விடியுமுன் மீன் இறக்கியவன். எண்ணூர்த் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்த்தவன். துறைமுகத்துக்குள் போக மணிக்கணக்காக வரிசையில் நின்ற டிரெய்லர் டிரைவர். ஊருக்கு விடியும்போதுதான் இவர்களுக்கு இரவு வருகிறது. பகலில் படுப்பவனைச் சோம்பேறி என்கிற கனவான்கள், தங்கள் வீட்டு மீன் குழம்புக்காக இரவெல்லாம் விழித்திருந்தவன் யார் என்று கேட்டதுண்டா?

"குடிகாரன் வந்து படுத்துக் கொண்டால் பெண்கள் எங்கே உட்காருவது?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் குடிகாரனை அந்த இரும்பு விரட்டாது. அவன் பாட்டுக்குத் தரையில் விழுந்து கிடப்பான். தரையில் படுக்கக் கூசுகிற மானஸ்தன்தான் எழுந்து போவான். குடிகாரனைப் பார்த்துக்கொள்ளக் காவலாளியைப் போடுங்கள். கிழவர்கள் ஊன்றி எழுந்திருக்கக் கைப்பிடி வேண்டுமா? இரண்டு ஓரத்திலும் வையுங்கள், நடுவில் எதற்கு?

நம் நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டார்களே, அதன் உயரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டு கல்லை நிறுத்தி, ஒன்றைக் குறுக்கே போட்டு, ஏறக்குறைய மனிதனின் தோளுக்குச் சரியாக அமைத்தார்கள். பாரம் சுமப்பவன் யாரையும் 'ஒரு கை கொடு' என்று கெஞ்சாமல் இறக்கலாம், ஏற்றலாம். வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை வைப்பது வழக்கம். அளவெடுத்தவன் உழைப்பவனின் உடம்பை அளந்தான். இன்று அளவெடுப்பவர்கள் தங்கள் சந்தேகத்தை அளக்கிறார்கள்.

1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நின்று, ஒரு புதுக் கட்சியின் பிறப்பைக் கேட்டது இந்த வடசென்னை ஜனம். அந்தப் பூங்காவுக்கு இன்று அண்ணாவின் பெயர். மழையில் நின்று கேட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நாம் வைக்க வேண்டியது அதிகமில்லை: உப்புக் காற்றில் துருவேறாத ஆறடிக் கல் பெஞ்சு, அந்தக் கல் வெயிலில் கொதிக்காதபடி மேலே ஒரு வேப்பமரம், மீன்காரம்மாள் கூடையை இறக்கி வைக்கப் பக்கத்தில் தோளுயரத்துக்கு ஒரு மேடை.

இத்தனையும் செய்யக் காசில்லையென்றால், நடுவிலிருக்கும் அந்த இரும்பையாவது பிடுங்குங்கள். அதற்கு ஓர் அறுப்பு வாளும் கொஞ்சம் வெட்கமும் போதும்.